ஆளில்லாப் பலூன்களும் விமானப் பாதுகாப்பும்



மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று காயலுக்கு அப்பால் கிழக்கே நோக்கினால் வில்லிங்டன் தீவு தென்படும். துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு அது. அங்கே கடற்படையின் விமானத்தளம் உள்ளது. நெடும்பாசேரியில் 1999ஆம் ஆண்டு புதிய விமான நிலையம் இயங்கத் தொடங்கும்வரை, கொச்சிக்கு வந்த பயணிகள் விமானங்களும் அத்தளத்திலேயே இறங்கின. இதே கொச்சியிலிருந்து வானிலைத் துறையினர் மேல்காற்றை ஆராயும் பலூன்களையும் விண்ணில் விடுகின்றனர். ஆகவே, விமானமும் பலூனும் ஒரே வானத்தில் இடையூறின்றி உலவுவது எப்படி என்னும் வினா நம் ஊருக்கும் உரியதே.

வலவன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் கற்பனையில் கண்டார். இன்றைய ஆளில்லாப் பலூன் ஏறக்குறைய அத்தகையதே; ஆனால் அது போகுமிடத்தைத் தீர்மானிப்பது காற்று. சர்வதேச விதிகள் இதனை ‘ஆளில்லாக் கட்டற்ற பலூன்’ என்னும் பொருள்படக் குறிப்பிடுகின்றன. மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எங்களுக்கு இத்தொடரில் ஓர் எச்சரிக்கை தென்படுகிறது. கட்டற்றது என்றால் கயிற்றால் தரையோடு பிணைக்கப்படாதது என்பது மட்டுமே பொருள். விதிகளுக்குக் கட்டுப்படாதது என்பதன்று.

முதலில் பலூனால் விளையும் நன்மையைக் கூறுவோம். உலகெங்கும் பல நூறு நிலையங்களில் ஒரே வேளையில் இவை விடப்படுகின்றன. நம் நாட்டு நேரப்படி அவ்வேளைகள் காலை ஐந்தரை மணியும் மாலை ஐந்தரை மணியுமாகும். ரப்பர்ப் பலூன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் எழும்புகிறது. அதில் தொங்கும் சிறு கருவி, வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை வானொலி அலைவழியே தெரிவிக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் பலூன் பருத்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். கருவி சிறு பாராசூட்டின் துணையால் கீழே இறங்கும். விமானி புறப்படுமுன் பெறும் காற்று விவரங்களுக்கு இப்பலூன்களும் ஆதாரமாகும். எனவே, விமானத்திற்கு ஆபத்து என்று பலூனையே விலக்கிவிடுவது இயலாத காரியம்.

ஆயினும் ஆபத்து கற்பனையன்று. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்ட அந்தோனோவ்-24 விமானம் வானிலைப் பலூன் ஒன்றில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 45 பேரும் மாண்டனர். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் மேல், ஏறத்தாழ 36,000 அடி உயரத்தில் பறந்த யுனைடெட் நிறுவன விமானத்தின் முன்கண்ணாடி பலூன் மோதி உடைந்தது. கண்ணாடித் துகள்கள் பட்டு விமானிக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன. நல்லவேளையாக விமானம் சால்ட் லேக் நகரில் பத்திரமாக இறங்கியது. அப்பலூன் சுமார் ஒரு கிலோ எடையே உடையது.

இவ்வளவு இலேசான பொருள் எவ்வாறு கேடு செய்கிறது? வேகமே அதற்குக் காரணம். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரையும் விமானத்திற்கு, அசையாது மிதக்கும் சிறு பெட்டியும் எறிகணையாகிவிடும்.

சர்வதேச விதிகள் பலூன்களை இலேசானவை, நடுத்தரமானவை, கனமானவை என மூவகைப்படுத்துகின்றன. சுமை 4 கிலோவுக்குக் குறைவாயின் பொதுவாக இலேசானது. 6 கிலோவும் அதற்கு மேலும் ஆயின் கனமானது. கனமான பலூனில் பயணத்தை முடித்துவைக்கும் சாதனங்கள் குறைந்தது இரண்டேனும் இருத்தல் வேண்டும். விடுமுன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டினருக்கு அறிவிக்க வேண்டும். அயல்நாட்டு வானில் நுழைய அந்நாட்டின் அனுமதி வேண்டும். யூட்டாவில் மோதியதோ இலேசான வகையைச் சேர்ந்தது. எடை குறைவு என்பதே காப்பாகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது. நிகழ்ச்சிக்குப் பின், 30,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையே தம் பலூன்கள் தங்கும் நேரத்தைக் குறைக்கப்போவதாக அந்நிறுவனத்தார் தெரிவித்தனர்.

கட்டுப்பாடு தவறிய பலூனைச் சுட்டு வீழ்த்தலாமே என்று கேட்கக்கூடும். 1998ஆம் ஆண்டு கனடாவில் ஓர் ஆராய்ச்சிப் பலூன் கட்டளைக்கு அடங்காது அட்லாண்டிக் கடலை நோக்கி மிதந்தது. போர் விமானங்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தும் அது உடனே விழவில்லை. உள்ளும் புறமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாதலால், பெரும் பலூனில் விழும் சிறு துளைகள் வழியே வாயு மெல்லவே கசியும்.

தீய நோக்கத்துடன் விடப்படுபவை வேறொரு தொல்லை. 2025 அக்டோபரில், பெலாரஸ் நாட்டிலிருந்து சிகரெட்டுகளைச் சுமந்து வந்த கடத்தல்காரர் பலூன்களால் லிதுவேனியாவின் வில்னியஸ் விமான நிலையம் பலமுறை மூடப்பட்டது.

முறையாக நடத்தினால் பெரும் பலூன்களையும் அச்சமின்றிப் பறக்கவிடலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. ஐதராபாத்தில் 1969 முதல் இயங்கிவரும் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் விமானத் துறையினருடன் கலந்தே பலூன்களை விடுகிறது. இறங்கும் கருவிகளைத் தொடாமல் தகவல் தருமாறு பொதுமக்களுக்கும் முன்கூட்டி அறிவிக்கிறது.

நம் கடமை சிறிதே. விழாவுக்கும் விளம்பரத்துக்கும் பெரிய பலூன் விட விரும்புவோர், விமானத்தளத்தின் அருகே அனுமதியின்றி விடலாகாது. கரையிலோ காயலிலோ பலூன் கருவி கிடைத்தால் அதைப் பிரிக்காமல் காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பது நலம். பலூனில் எஞ்சிய ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியதாதலால் நெருப்பை அருகே கொண்டுசெல்லக் கூடாது. காற்று பலூனை எங்கும் கொண்டுபோகலாம். அது எங்கே இருக்கிறதென்ற செய்தி அதற்கு முன்னால் விமானியைச் சென்றடைய வேண்டும்.