விக்கா: நம் காலத்தில் பிறந்த மதம்



சமய ஒப்பியல் சொற்பொழிவுக்கு விக்காவா என்று சிலர் புருவம் உயர்த்தினார்கள். பெரிய மதங்களின் பிறப்பு நமக்குப் புராணமாகத்தான் கிடைக்கிறது. விக்காவோ ஆவணங்களின் கண்முன்னே பிறந்தது.

இதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து, இளவயதிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. மலாய்க் குத்துவாள்களைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். ஊர் திரும்பியபின், 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழு தமக்குத் தீட்சை தந்ததாகச் சொன்னார். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் அங்கே 1951இல் நீங்கியது; தடை விலகியபின், 1954இல் இந்த வழிபாட்டைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. கிறிஸ்தவத்துக்கு முன்பிருந்து மறைந்து வாழ்ந்த சமயம் இதுவே என்பது அவர் வாதம். ரொனால்டு ஹட்டன் முதலிய வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

அதனால் இது போலி மதம் ஆகிவிடுமா? டோரீன் வேலியன்டியைப் பாருங்கள். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற அவர், சடங்கு ஏட்டில் மாந்திரிக எழுத்தாளர் அலெய்ஸ்டர் குரோலியின் வரிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து கார்ட்னரிடமே கேட்டுவிட்டார். முடிந்தால் நீயே எழுது என்றார் அவர். எழுதினார்! இன்றும் விக்கர்கள் ஓதும் தேவி வாக்கு அவர் கைபட்டதுதான். மறையைத் திருத்திய அந்த அம்மையாரை இந்த மதம் தாயாகப் போற்றுகிறது.

சடங்கு எளியது. தரையில் ஒரு வட்டம். கறுப்புப் பிடி போட்ட கத்தியால் அதை வரைவார்கள். கத்தி எதையும் வெட்டுவதற்கன்று. உப்பும் நீரும் தெளித்து, கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே நிலம் என்று அழைப்பார்கள். தேவியும் கொம்புடைய தேவனும் வழிபடப்படுவர். முடிவில் பணியாரமும் மதுவும் பங்கிடப்படும். சாத்தானுக்கு இதில் இடமே இல்லை. அவன் கிறிஸ்தவத்தின் பாத்திரம்.

ஆண்டுக்கு எட்டுத் திருநாள்: கதிர்த்திருப்பம் இரண்டு, சமஇரவு இரண்டு, இடையே நான்கு. எட்டையும் ஒருசேரக் கோத்தது 1950களில்தான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 பேர் தம்மை விக்கர் என்று பதிந்தனர்.

விக்கா ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் இந்தத் திருநாள்களில் சிக்கல் வந்தது. முன்னோரை நினைக்கும் சவின் நாள் இங்கிலாந்தில் அக்டோபர் 31, இலையுதிர் காலம். சிட்னியிலோ அப்போது வசந்தம். அங்கே பலர் அதை ஏப்ரல் இறுதிக்கு மாற்றிவிட்டார்கள். சூரியன் வடவானில் செல்வதால் நெருப்பும் வடக்குக்குப் போனது. வட்டத்தைச் சுற்றும் திசையும் மாறியது. ஏட்டில் உள்ளபடியே செய்வோம் என்பாரும் உண்டு. என்னைக் கேட்டால், மாற்றியவர்களே கார்ட்னருக்கு நெருங்கிய வாரிசுகள். அவரும் கையில் கிடைத்ததைத் தம் ஊருக்கு ஏற்பத் தைத்துக்கொண்டவர்தானே.