வீட்டுப் பெட்டியும் நாட்டுச் சரித்திரமும்

(பனமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பேசிப் பழகிய இம்மேடையில், பரண்மேற் கிடக்கும் ஓலைகளையும் காகிதங்களையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் ஒரு விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். அவை வருஷந்தோறும் அழிந்துவருகின்றன. அழிப்பவரோ அந்நியர் அல்லர், நாமே. ஆதலின் இதை நம்மவர் கூடிய சபையிலேயே சொல்லவேண்டியதாயிற்று.

இப்பனமலைக் குன்றின்மேல் தாளகிரீசுவரர் ஆலயத்தை எடுப்பித்த ராஜசிம்ம பல்லவன், ஏறக்குறைய 1,300 ஆண்டுகட்கு முன் தன் புகழை வடமொழியிற் கிரந்த எழுத்தாற் கல்லிலே வெட்டிவைத்தான். அரசனுக்குக் கல் இருந்தது. குன்றின் கீழே ஏரிநீர் பாய்ச்சி நெல் விளைத்தவனுக்கு ஓலைதான் இருந்தது. கல் நிற்கிறது. ஓலையோ காப்பவன் இருந்தால் சில நூற்றாண்டு நிற்கும். கரையான் வாய்ப்பட்டால் ஒரு மழைக்காலமும் தாங்காது.

செஞ்சியை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அவ்வரிசையிற் சேர்ந்த கோட்டை செஞ்சி ஒன்றே. அதைக் காண வருவோர் பெரும்பாலும் கேட்பது தேசிங்கு ராஜன் கதை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து மாண்ட அவ்விளைஞனை நாட்டுப்பாடல் காப்பாற்றிவிட்டது. மற்றையோர் செய்தி எவ்வாறு நமக்குக் கிடைத்தது? கோட்டை கட்டினார் யார், நாயக்கர் ஆட்சி எப்படி நடந்தது, முற்றுகைக்காலத்தில் ஊர் என்ன ஆயிற்று என்பவற்றை நமக்கு அறிவித்தவர்களுள் முக்கியமானவர் நாராயணன் பிள்ளை என்பார். அவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செஞ்சியிலே வாழ்ந்தவர். ஆர்க்காட்டில் அதிகாரியாயிருந்த மெக்லியாட் துரையின் விருப்பப்படி 1803இல் அவர் எழுதியதே ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’.

ஆனந்தக் கோன் என்னும் இடையர் மலையில் ஆடு மேய்க்கையிற் புதையல் கண்டெடுத்துக் கோட்டை கட்டியதாக அந்நூல் கூறுகிறது. புதையற் கதையை அப்படியே சரித்திரமென்று கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் ஆசிரியர் தம் காலத்துக்கு அண்மையான யுத்தங்களைப் பற்றி எழுதுவது, அவற்றைக் கண்டவர்களிடமும் கண்டவர் மக்களிடமும் கேட்கக்கூடியவர் எழுதுவது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகச் செஞ்சிச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஸ்ரீ சி. எஸ். சீனிவாசாசாரியார், பாரசீக நூல்களையும் பிரெஞ்சு, ஆங்கிலக் குறிப்புகளையும் ஆராய்ந்ததோடு இந்த ஊர்க்காரருடைய ஏட்டையும் பக்கத்திலே வைத்துக்கொண்டார். 1597இல் செஞ்சிக்கு வந்த பிமெந்தா என்னும் ஏசுசபைப் பாதிரியார் எழுதிய கடிதமும் அவருக்கு உதவிற்று. எங்கோ ஐரோப்பாவில் ஒரு கடிதத்தை அழியாமற் காத்தார்கள். அதனால் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்துச் செஞ்சி எவ்வளவு பெரிய பட்டணம் என்பது நமக்குத் தெரிகிறது. அக்காலத்தில் இந்நகரத்துக் குடிகள் எழுதிய கடிதங்கள் எங்கே?

நாராயணன் பிள்ளையின் ஏடு பிழைத்தது காலின் மெக்கன்சியின் தொகுதியிற் சேர்ந்தமையால். மெக்கன்சி ஸ்காட்லாந்துத் தீவொன்றிற் பிறந்து 1783இல் சென்னை வந்த பட்டாளத்து எஞ்சினீயர். 1815இல் இந்தியா முழுமைக்கும் சர்வேயர் ஜெனரல் ஆனவர். நிலம் அளக்கப் போன இடமெல்லாம் அவர் ஊர்க் கைபீதுகளையும் சுவடிகளையும் சாசனப் பிரதிகளையும் திரட்டினார். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. வேலையைச் செய்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் சகோதரர் லட்சுமய்யா முதலிய நம் நாட்டவர். அவர்கள் ஊர் ஊராய்ச் சென்று, கணக்கர்களையும் கோயிற்காரர்களையும் முதியோர்களையும் கேட்டு எழுதினார்கள். பழைய ஏட்டைக் காட்டினால் வரி உயரும், நிலம் போகும் என்று அஞ்சி மறைத்தவர் பலர். அவ்வச்சம் வீண் அச்சமென்று நான் சொல்லமாட்டேன். கும்பினியார் கேட்டால் எவன் அஞ்சமாட்டான்?

மெக்கன்சி 1821இல் கல்கத்தாவுக்கு அருகே காலமானார். அப்பொழுது அவரிடம் 1,500க்கு மேற்பட்ட சுவடிகளும் 8,000க்கு மேற்பட்ட சாசனப் பிரதிகளும் இருந்தன. அவர் மனைவியிடமிருந்து சர்க்கார் அவற்றை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிற்று. ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று. தென்னிந்திய பாஷைகளில் உள்ளவை பெரும்பாலும் சென்னைக்குத் திரும்பி, இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தில் உள. இடையில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1830களில் டெய்லர் பாதிரியார் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது பல ஏடுகள் பூச்சி அரித்தும் மை மங்கியும் கிடந்தன. சிலவற்றை அவசரமாகப் பிரதி எடுக்கவேண்டியதாயிற்று. ஓரிடத்திற் சேர்த்தல் பாதி வேலைதான் என்பதை இதனால் அறியலாம்.

இனி ஒரு தனிமனிதர் தமக்காகவே எழுதிவைத்த குறிப்பைப் பற்றிச் சொல்கிறேன். 1709இல் பெரம்பூரிற் பிறந்து, புதுச்சேரியில் டூப்ளே துரையின் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை அறியாதார் இல்லை. 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரிவரை, ஏறக்குறைய 25 வருஷம் அவர் தினசரி எழுதிவந்தார். கப்பல் வந்தது, சரக்கின் விலை, யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தான், சகுனம் எப்படி இருந்தது, துரைசானி தம்மை எவ்வாறு பகைத்தாள் என்பவையெல்லாம் அதில் உள. 1748இல் புதுவை வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டபோது தமிழர் பட்ட துயரத்தையும், தம்முள் ஒற்றுமையின்றி நின்றதையும் அவர் மறைக்காமல் எழுதினார். அவர் நடை புலவர் நடை அன்று. கணக்குப்பிள்ளையும் வியாபாரியும் பேசிய தமிழ். அதனாலேயே அதன் மதிப்பு உயர்ந்தது.

அப்புத்தகங்கள் 85 வருஷம் அவர் சந்ததியார் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கல்வா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டு பிரதி செய்வித்திராவிடின் நமக்கு ஒன்றும் இல்லை. பின்னர்ச் சென்னைச் சர்க்கார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழன் தமிழில் எழுதியதை உலகம் முதலிற் பிற பாஷையிற் படிக்கநேர்ந்தது. சந்ததியார் அந்த 85 வருஷத்தில் ஒரு போகியன்று அதை நெருப்பிலிடாமல் இருந்தார்களே, அதற்கு நாம் வணக்கம் செலுத்தவேண்டும்.

மேல்நாட்டில் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்போம். பெரிய இங்கிலாந்தைச் சொல்லவில்லை; அதன் மேற்கே ஒட்டியிருக்கும் வேல்ஸ் என்னும் சிறு நாட்டைச் சொல்கிறேன். அதன் ஜனத்தொகை 31 லட்சம். தமிழ்நாட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆங்கிலத்தின் நிழலிலே தம் பாஷையைக் காக்கப் பாடுபடும் மக்கள் அவர்கள். 1907இல் அபெரிஸ்ட்வித் என்னும் கடற்கரை ஊரில் தமக்கென்று ஒரு தேசியப் புத்தகசாலையை ஸ்தாபித்தார்கள். அங்கே அச்சிட்ட நூல்கள் மட்டும் அல்ல. பண்ணைக் கணக்குகள், குடிவாரப் பத்திரங்கள், உபதேசியாரின் நாட்குறிப்பு, கவிஞரின் கடிதங்கள், சிற்றூர்த் தேவாலயத்தின் வரவு செலவு எல்லாம் பெட்டி பெட்டியாக உள. 1858க்கு முன் வேல்ஸ் நாட்டுத் திருச்சபைக் கோர்ட்டுகளில் ஊர்ஜிதமான மரண சாசனங்கள் ஏறக்குறைய 1,90,000 அங்குச் சேர்க்கப்பட்டு, வீட்டிலிருந்தே எவரும் பார்க்குமாறு செய்யப்பட்டுள. குடியானவன் தன் கலப்பையை எந்த மகனுக்கு வைத்தான், விதவை எத்தனை பசு வைத்திருந்தாள் என்பதை அங்கே படிக்கலாம்.

அவர்களுடைய மிகப் பழைய ஏடுகள் பல, 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வாகன் என்பவர் ஹெங்கூர்ட் என்னும் தம் வீட்டிற் சேர்த்துவைத்தவை. அவை இருநூறு வருஷம் குடும்பச் சொத்தாய் இருந்து, 1859இல் பெனியார்த் என்னும் வேறொரு வீட்டுக்குப் போய், ஜான் வில்லியம்ஸ் என்னும் வைத்தியர் விலைக்கு வாங்கியதன் பயனாக 1909இற் புத்தகசாலையை அடைந்தன. ஒரு வீட்டுப் பெட்டிதான் ஒரு தேசத்தின் பொக்கிஷமாயிற்று.

நம் வீடுகளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கிரயப் பத்திரம், ஒற்றிப் பத்திரம், பாகப்பிரிவினை முறி, ஜாதகக் கட்டு, கலியாணத்தில் மொய் எழுதிய நோட்டு, ரங்கூனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வந்த கடிதங்கள், பஞ்சாயத்தார் தீர்ப்பு, மளிகைக் கணக்கு, பள்ளிச் சர்டிபிகேட்டு. மொய் நோட்டை யாரும் சரித்திரமென்று நினைப்பதில்லை. ஆனால் எந்த ஊர் உறவினர் வந்தனர், யார் பணம் கொடுத்தார், யார் நெல் கொடுத்தார், எந்த வருஷம் முதல் ஓரணா ஒரு ரூபாயாயிற்று, எந்த ஜாதியாரும் மதத்தாரும் நம் பந்தலுக்கு வந்தனர் என்பதெல்லாம் அதில் உண்டு. பத்திரத்தில் நான்கெல்லை சொல்லியிருக்கும்; இப்பொழுது இல்லாத குட்டைக்கும் வண்டிப்பாட்டைக்கும் தோப்புக்கும் பெயர் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. அடியில் சாட்சிகளைப் பாருங்கள். ‘தற்குறி கீறல்’ என்று கோடு போட்டவன் பேரன் கையெழுத்திட்ட வருஷம் எது என்று பார்த்தால், நம்மவர் படிப்புக்கு வந்த வரலாறு கிடைத்துவிடும். பெண் கையெழுத்திட்ட முதற் பத்திரம் எது என்று தேடிப் பார்க்கத் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு செய்த பத்திரத்துக்கேனும் சர்க்கார் புத்தகத்தில் நகல் இருக்கும். பதிவுச் சட்டம் 1860களில் வருமுன் எழுதிய ஓலைக்கும், கடிதத்துக்கும், மொய் நோட்டுக்கும் நகல் கிடையாது. 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்கர், மணியகாரர் வேலைகள் எடுபட்டபின், அவ்வீடுகளில் தங்கிவிட்ட பழங்குறிப்புகளுக்குக் கேட்பாரும் இல்லை.

அழிவு பெரும்பாலும் மூன்று சமயங்களில் நேர்கிறது: பெரியவர் இறந்தவுடன், வீட்டை இடித்துக் கட்டும்போது, போகியன்று. பக்தியும் அழித்திருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் சுவடி தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர் அவர்களுக்குக் கிடைத்த விடை, பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்பது. அந்தப் பெரியார் தமக்கு வந்த கடிதங்களைக்கூட எறியாமற் காத்தார். அவற்றுள் ஒரு பகுதி இப்பொழுது அச்சாகியும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் விடாமற் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் அத்தொகுதி சிதறாமற் சென்னையில் ஒரு நூலகமாய் நிலைத்தது.

வேறோர் அபாயத்தை நம் சங்கத்திலேயே சொல்லவேண்டும். ஜாதிச் சங்கத்தார் பழைய ஏட்டைத் தேடுவது பெரும்பாலும் பட்டயமும் விருதும் பரிவட்டமும் கிடைக்குமா என்று பார்க்கவே. ராஜவம்சம் என்று சொல்லும் ஓலை அகப்பட்டால் கண்ணாடி போட்டு மாட்டுவோம். நம் பாட்டனார் வாங்கிய கடனைச் சொல்லும் ஓலையையும், பண்ணையாளை வழிவழியாக ஈட்டுக்கு எழுதிக்கொண்ட முறியையும், ஒரு விதவையைத் தள்ளிவைத்த தீர்ப்பையும் அடுப்பிலிடுவோம். அப்படிச் செய்தால் நம்மிடம் மிஞ்சுவது சரித்திரம் அன்று, விளம்பரம். அன்றியும் அந்த முறியிற் பெயர் கண்டவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு, அவர்கள் முன்னோர் பெயர் எழுதிய ஒரே காகிதம் அதுவாகவும் இருக்கலாம். நம் பெட்டியில் இருப்பதனாலேயே அதிலுள்ள செய்தி நமக்கு மட்டும் உரியது ஆகாது.

மூலத்தைக் கொடுத்துவிட வேண்டுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியைக்கொண்டு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனிக்குடும்பங்களிடம் இருந்த பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நில சம்பந்தமான ஓலைகளையும் தேடிப் படம் பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த உதவித் திட்டத்தின் விதிப்படி மூலங்கள் நாட்டைவிட்டு வெளியே போகலாகாது. படங்கள் எல்லார்க்கும் பயன்படும். ரசீது இன்றி, முகவரி இன்றி, ‘பார்த்துத் தருகிறேன்’ என்று வருபவரிடம் ஓர் ஓலையும் கொடாதீர்கள்.

வீட்டிற் செய்யத்தக்கவை சில. கிழிந்த காகிதத்துக்குப் பசைநாடா ஒட்டாதீர்கள். அது நாளடைவிற் பழுத்து எழுத்தையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் சூடுகாட்டி மூடிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. ஓலைக்கு எலுமிச்சம்புல் தைலம் நன்று. காகிதத்துக்கு எந்த எண்ணெயும் ஆகாது. பருத்தித் துணியிற் சுற்றி, வசம்பு இட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, இது யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று வேறொரு தாளில் எழுதி உடன் வைப்பது. புகைப்படத்தில் நிற்பவர் பெயரைச் சொல்லக்கூடிய பாட்டி இன்று இருக்கிறார். பத்து வருஷம் கழித்துக் கேட்க ஆள் இராது.

சங்கக் காரியாலயத்தில் இம்மாதம் முதல் ஒரு பதிவுப் புத்தகம் திறக்கப்படுகிறது. எந்த ஊரில், எந்த வீட்டில், எவ்வகைக் காகிதம், எந்தக் காலத்தது என்பது மட்டும் அதில் எழுதப்படும். வீட்டார் அனுமதியின்றி உள்ளே இருப்பது எழுதப்படமாட்டாது. அடுத்த கூட்டத்துக்கு வருவோர் தத்தம் வீட்டிலிருந்து ஓர் ஓலையோ பழங்கடிதமோ மொய் நோட்டோ எடுத்துவரவேண்டும். படம் எடுக்க வாலிபர்கள் இருவர் காலை பத்து மணி முதல் இருப்பார்கள்; படிக்கத் தெரியாத எழுத்தைப் படித்துச் சொல்ல ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இசைந்திருக்கிறார். கொண்டுவந்ததை அன்று மாலையே வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லலாம்.