பெயர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

(திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நூலகத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற இடத்தில் நினைவுத் தோட்டம் போடலாம் என்கிற யோசனையை வரவேற்கிறேன். யாருடைய நினைவுக்கு என்பதிலும் நமக்குள் சண்டை இல்லை. சாக்கடைக் குழியிலும் மலத்தொட்டியிலும் இறக்கிவிடப்பட்டு, விஷவாயு தாக்கிச் செத்துப்போன நம்ம சனங்களுக்கு. "அதுக்கு நூலகத்துல என்ன வேலை?" என்று ஒருத்தர் கேட்டார். வேற எங்க வைக்கிறது, சுடுகாட்டிலா? அந்த வேலையையும் நம்ம தலையிலதானே கட்டி வச்சிருக்கான். நூலகம் யாரோ போட்ட பிச்சை இல்லை. 1948ஆம் வருடத்துச் சட்டப்படி சொத்துவரியோடு சேர்த்து வாங்குகிற நூலக வரியில் நடப்பது. வாடகை வீட்டில் இருக்கிறவன் வரி கட்டலையே என்பார்கள். அவன் கொடுக்கிற வாடகைக்குள்ளதான் வீட்டுக்காரனோட வரியும் ஒளிஞ்சிருக்கு. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், சொல்றேன்.

எனக்குச் சிக்கல் வேற. தோட்டத்து வாசலில் ஒரு கல்வெட்டு வைத்து, நன்கொடை கொடுத்தவர்கள், திறந்துவைக்கும் பிரமுகர் பெயரெல்லாம் போடலாம் என்கிறார்கள். இங்கேதான் யாழ்ப்பாணம் ஞாபகம் வருது. அந்த ஊர்ப் பொது நூலகம் 1933இல் செல்லப்பா என்பவர் வீட்டில் சின்ன வாசகசாலையாகத் தொடங்கியது. பெரிய கட்டடம் 1959இல் திறந்தார்கள். வரைபடம் போட்டவர் நம்ம சென்னைக்காரர் நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. இதை நாம் எல்லா மேடையிலும் பேசுகிறோம், பேசத்தான் வேணும். 2003ஐப் பற்றி மட்டும் பேசமாட்டோம். திருப்பிக் கட்டின நூலகத்தை அந்த வருடம் பிப்ரவரி 14 அன்று திறப்பதாக ஏற்பாடு. அப்போது மேயர் செல்லன் கந்தையன், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். விழா நடக்கவில்லை. மாநகர சபை ராஜினாமாவில் போய் முடிந்தது. பிறகு விழா இல்லாமலே நூலகம் திறந்தது. சாதிதான் தடுத்தது என்று எழுதினவர்கள் உண்டு. இல்லை, புலிகளுக்கும் கூட்டணிக்கும் இருந்த அரசியல்தான் என்று மறுத்தவர்களும் உண்டு. அரசியலையும் சாதியையும் தனித்தனிப் பானையில் வைத்துச் சமைக்கிற ஊர் எதையும் நான் பார்த்ததில்லை. எரிந்த சுவரைத் திரும்ப எழுப்ப முடிந்தவர்களுக்கு, அதை யார் திறப்பது என்பதைத் தாண்ட முடியவில்லை.

அதனால கல்லே வேணாம். பெயர்களை மட்டும் பார்ப்போம்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993லிருந்து இப்படிச் செத்தவர்களைக் கணக்கெடுத்துக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. சரி. 1993க்கு முன்னால் செத்தவன்? அவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவனுக்கு ஆதாரம் அவன் பெஞ்சாதி வாய்ச்சொல்தான். நம்ம தோட்டத்துக்கு அது போதும். ஒரு பெயருக்கு ஒரு செடி. அதே பெயரில் நூலகத்துக்குள் ஒரு புத்தகம். செடி பட்டுப்போகும், புத்தகம் தொலையும். ஆகவே தனியா ஒரு பதிவேடு. பெயர், தெரு, செத்த வருடம், சொன்னவர் யார் என்று எழுதி, நூலகர் மேசையில் இருக்கணும்.

செடி எது? இது உப்புக்காத்து ஊர். ரோஜா வைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது. பூவரசு வரும், வேம்பு வரும். நித்தியகல்யாணி கேட்காமலே வரும். அதைச் சுடுகாட்டு மல்லி என்று வீட்டுப் பக்கம் அண்டவிடாத சாதிசனம் உண்டு. புற்றுநோய்க்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறான் என்று தெரிந்த பிறகும் அந்தப் பேர் போகலை. அதைத்தான் வைக்கணும். துறைமுகத்து நிலக்கரி 2011இல் நீதிமன்ற உத்தரவால் ராயபுரத்தை விட்டுப் போய் எண்ணூரில் இறங்கியது. இலையில் கரி படியும், கழுவி விடணும்.

கழுவுறது யாரு? இதைத்தான் நான் கேட்க வந்தேன். தெருக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி அம்மாவைக் கூப்பிட்டு "இதையும் ஒரு கை பாரும்மா" என்று சொல்லிவிடலாம் என்று போன கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். குழிக்குள் செத்தவன் பெயரில் தோட்டம் போட்டு, அதையும் அவன் பொண்டாட்டியோ மகளோ வந்து கூட்டணும் என்றால் அந்தத் தோட்டம் வேணாம். துடைப்பம் பிடித்தறியாத கைகள் இந்த வாசகர் வட்டத்தில் நிறைய இருக்கு. முறை வைத்து அந்தக் கைகள் வரட்டும். குடத்தில் தண்ணி பிடித்து, குப்பை பொறுக்கி, கரி கழுவி. வராதவர் பெயரும் அந்தப் பதிவேட்டில் ஏறட்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு என் பேரை எழுதிக்கோங்க. வங்கி முடித்து பஸ் பிடித்து வர ஆறரை ஆகும். நூலகர் அதுவரை பின்கதவைப் பூட்டாமல் இருந்தால் சரி.