இலையும் கனியும்

ஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலினால் பிரசித்தி பெற்ற கீழப்பழுவூரில் ஆலமரமே ஸ்தல விருட்சமாகப் போற்றப்படுகிறது. அந்த ஆலையும், அதன் நெருங்கிய உறவினர்களான அரசையும் அத்தியையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின், ஒரே குடும்பத்தில் பிறந்தவை எவ்வளவு வேறுபடக் கூடும் என்பது விளங்கும். ஆலின் இலை தடித்து நீள்வட்டமாயிருக்க, அரசின் இலை இருதய வடிவங்கொண்டு வால்போல் நுனி நீண்டிருக்கும். ஆலின் கனிகள் இலைக்கக்கத்தில் காம்பின்றி இரட்டையாகச் சிவக்க, அரசின் சிறுகனிகள் கருஞ்சிவப்பாகப் பழுக்க, அத்தியோ அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். இம்மூன்றுக்கும் பூக்கள் காயினுள்ளேயே மறைந்திருப்பதால், அவற்றினுள் புகுந்து மகரந்தம் சேர்க்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாதிச் சிறுகுளவி உண்டு என்பது இயற்கையின் விசித்திரம்.

இமயமலைச் சரிவுகளில் என்றும் பசுமை மாறாது நிற்கும் கர்சு என்னும் ஓக் மரத்திலோ, இவ்வேற்றுமை ஒரே மரத்துக்குள்ளேயே அமைந்து, இளங்கன்றிலும் தாழ்ந்த கிளைகளிலும் இலை விளிம்பு முள்ளாகவும், முதிர்ந்த மரத்தின் உயர்ந்த கிளைகளில் முள்ளற்றும் காணப்படுகிறது. ஆடு மாடுகளின் வாய்க்கு எட்டும் உயரத்தில் அம்முள் காவலாக உதவுகிறது. அதன் கொட்டைகளோ மழைக்காலத்தில் முதிர்ந்து, விழுந்தவுடனே முளைக்கும் இயல்புடையவை.

ஆகவே, ஓரிலையை மட்டும் பறித்துப் பார்த்து மரத்தின் ஜாதியைத் தீர்மானித்துவிடாமல், தாழ்கிளை, மேல்கிளை, காய், கனி யாவற்றையும் ஒருசேர நோக்கிய பின்னரே முடிவு கூறுங்கள்.