நள்ளிரவில் ஒலித்த ஊர்ப்பாட்டு

1974 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25 ஆம் நாள். நள்ளிரவு கழிந்து 20 நிமிடங்கள் சென்றிருந்தன. போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனிலிருந்து, ரேடியோ ரெனசென்சா என்னும் கத்தோலிக்க வானொலி ஒரு பாடலை ஒலிபரப்பிற்று. சரளைக்கற்களின்மீது பலர் ஒத்த நடையில் நடந்துசெல்லும் காலடியோசை முதலிற் கேட்டது. அவ்வோசையே தாளமாக, ஒருவர் பாடத் தொடங்கினார். பின்னர் பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. இசைக்கருவி ஒன்றேனும் இல்லை. உறக்கமின்றிக் கேட்டிருந்த நேயர்கள் அதனை ஓர் இனிய நாட்டுப்பாடலென்றே கொண்டிருப்பர். ஆனால், நாட்டின் பல பாசறைகளிலே வானொலிப் பெட்டிக்கு அருகிற் செவிசாய்த்திருந்த இளம் இராணுவ அதிகாரிகளுக்கு அது புறப்படுமாறு கூறும் ஆணையாயிற்று.

அப்பாட்டின் பெயர் 'கிராந்தொலா, பழுப்புநிற ஊர்'. ஓர் ஊர்ச் சங்கத்தைப் போற்றி எழுந்த பாட்டு, 48 ஆண்டுகள் நிலவிய சர்வாதிகாரத்தின் முடிவை அறிவிக்கும் குரலானது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

போர்த்துக்கலிலே 1926 இல் இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். கொயிம்பிராப் பல்கலைக்கழகத்திற் பொருளியற் பேராசிரியராயிருந்த சலசார் 1932 இற் பிரதம மந்திரியானார். 1968 இல் நோயுற்று வீழும்வரை அவரே நாட்டை ஆண்டார். அவருக்குப் பின் கயெத்தானோ அப்பதவிக்கு வந்தார். ஆள் மாறினாரேயன்றி ஆட்சிமுறை மாறவில்லை. பத்திரிகை, நாடகம், பாட்டு யாவும் தணிக்கை அதிகாரியின் நீலப் பென்சிலுக்குத் தப்பியே மக்களை அடைதல் வேண்டும். இரகசியப் பொலிசார் எங்கும் ஒற்றர்களை வைத்திருந்தனர். அயலவனிடம் மனம்விட்டுப் பேசவும் மக்கள் அஞ்சினர். அங்கோலாவில் 1961 இலும், கினியில் 1963 இலும், மொசாம்பிக்கில் 1964 இலும் மூண்ட விடுதலைப் போர்களை அடக்குதற்கு இளைஞர்கள் ஆண்டுதோறும் கப்பலேற்றப்பட்டனர்.

இக்காலத்தில் வாழ்ந்தவரே அப்பாட்டை இயற்றிய ஜொசே அபொன்சோ. அவர் 1929 இற் பிறந்தவர், தொழிலால் ஆசிரியர். மொசாம்பிக்கிலும் சில ஆண்டுகள் கற்பித்துக் குடியேற்ற ஆட்சியின் கொடுமையை நேரிற் கண்டவர். அரசின் வெறுப்புக்கு ஆளாகி, அரசாங்கப் பாடசாலைகளிற் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1973 இற் காக்சியாஸ் சிறையிலும் அடைக்கப்பட்டார்.

1964 ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்பகுதியாகிய அலெந்தேஜுப் பிரதேசத்திலுள்ள கிராந்தொலா என்னும் சிற்றூருக்கு அவர் பாடச் சென்றார். பெருநிலக்கிழார்களின் தோட்டங்களிற் கூலிவேலை செய்து வாழ்வோர் நிறைந்த பிரதேசம் அது. அவ்வூர்த் தொழிலாளர் 'சகோதரத்துவம்' என்னும் சொல்லையே பெயரிற் கொண்ட இசைச் சங்கம் ஒன்றை நடத்திவந்தனர். வசதி குறைந்த அச்சங்கத்திலே எளிய மக்கள் ஒருவரையொருவர் மதித்து, தம் காரியங்களைத் தாமே நடத்திய முறை அவர் உள்ளத்தைத் தொட்டது. அந்நன்றியுணர்விற் பிறந்ததே இப்பாட்டு.

1971 இற் பிரான்ஸ் நாட்டிலே இஃது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அலெந்தேஜு உழவர் பாடும் முறையிலேயே இதனை அமைத்தனர். அங்கே ஒருவர் தொடங்குவார், குழுவினர் தொடர்வர். இப்பாட்டிலும் தனிக்குரல் பாடிய அடிகளைக் குழுவினர் வரிசை மாற்றி, இறுதியடியை முதலாகக் கொண்டு திருப்பிப் பாடுகின்றனர். பாட்டின் பொருள் ஊரின் தோழமையும், சமத்துவமும், மக்களே தம் ஊருக்குத் தலைவர் என்பதுமாகும். ஆட்சியாளரின் பெயர் அதில் இல்லை, வசைச்சொல்லும் இல்லை.

இங்கேதான் சிந்திக்கவேண்டியதொன்று உள்ளது. 1974 மார்ச் 29 ஆம் நாள் லிஸ்பனில் நடந்த பெரும் இசைநிகழ்ச்சியில், அபொன்சோவின் வேறு பாடல்கள் சில தடுக்கப்பட்டன. இது மட்டும் அனுமதிக்கப்பட்டது. நிகழ்ச்சி முடிவில் அவையினர் அனைவரும் எழுந்து இதனைச் சேர்ந்து பாடினர். புரட்சிக்கு ஆயத்தஞ்செய்தோர் அபொன்சோவின் மற்றொரு பாட்டையே முதலில் அடையாளமாகக் கருதினர். அந்தப் பாட்டு ரேடியோ ரெனசென்சாவிலே தடைசெய்யப்பட்டிருந்தமையால், கிராந்தொலாவைத் தெரிந்தெடுத்தனர். தணிக்கையாளர் சொற்களிலே பகையைத் தேடினர். பலர் சேர்ந்து பாடும் அந்த முறையிலே அடங்கியிருந்த வலிமையை அவர்கள் உணரவில்லை. மனிதரைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதே கொடுங்கோன்மையின் உபாயம். அண்டை வீட்டானை நம்பாதவன் அரசனை எதிர்க்கமாட்டான். ஆகவே, தோழமையைப் பாடுவதே அவ்வாட்சியை எதிர்ப்பதாயிற்று.

அன்றிரவு நிகழ்ந்ததை உலகம் அறியும். முந்திய இரவு 10 மணி 55 நிமிடத்துக்கு வேறொரு நிலையம் ஒலிபரப்பிய காதற்பாட்டு, ஆயத்தமாகுக என்னும் முதல் அடையாளம், கிராந்தொலா இரண்டாவது. சந்தாரெம் நகரிலிருந்து கப்டன் சல்கேரோ மாயா தம் படையுடன் தலைநகருக்கு வந்தார். மக்கள் வீட்டினுள்ளே இருக்குமாறு படையினர் வானொலியில் மீண்டும் மீண்டும் வேண்டினர். மக்களோ வீதிக்கு வந்தனர். சிகரெட் கேட்ட சிப்பாய் ஒருவனுக்கு, அதனைக் கொடுக்க இயலாத உணவகப் பணிப்பெண் ஒருவர் தம் கையிலிருந்த கார்னேஷன் மலரைக் கொடுத்தார். அவன் அதனைத் துப்பாக்கியின் வாயிற் செருகினான். மாலையிற் கயெத்தானோ பதவி துறந்தார். இரகசியப் பொலிசார் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் மாண்டனர். அவர்களை மறந்து மலர்களை மட்டும் நினைவுகூர்தல் தகாது.

பாட்டே ஆட்சியைக் கவிழ்த்தது என்பது மிகைக்கூற்று. போரிற் சலிப்புற்ற இராணுவத்தினரே அதனைக் கவிழ்த்தனர். எனினும், இராணுவத்தினர் தொடங்கியதை நாட்டின் விடுதலையாக்கியவர்கள் அஞ்சாது வீதிக்கு வந்த மக்கள். சரியாக ஓராண்டின் பின், 1975 ஏப்ரல் 25 இல் நடந்த தேர்தலில், வாக்காளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர்.

அபொன்சோ தமக்கு அளிக்க முன்வந்த அரச விருதை ஏற்காது, 1987 இற் செத்தூபல் நகரிற் காலமானார். அவருடைய பாட்டு எந்த ஆட்சியாளருக்கும் உரிமையாகவில்லை. 2013 பெப்ரவரியிலே, மக்கள் தெரிந்த பாராளுமன்றத்திற் பிரதமர் பேசிக்கொண்டிருக்கையில், பொருளாதார நெருக்கடியால் வாடியோர் பார்வையாளர் கூடத்திலிருந்து அதனையே பாடினர். பிரதமர் பேச்சை நிறுத்திக் கேட்டிருந்தார். பாடியவர்கள் வெளியேற்றப்பட்டனர், ஆயினும் பாடியதற்காக எவரும் காக்சியாஸ் சிறைக்குச் செல்லவில்லை. 1974 ஆம் ஆண்டின் அந்த இரவு போர்த்துக்கேய மக்களுக்கு ஈட்டித் தந்த பேறு அதுவேயாம்.