கல்வராயனின் கருங்கோடுகள்



அசையாமைக்கு மலையை உவமை கூறுதல் புலவர் மரபு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலம் பூத்து நிற்கும் கல்வராயன் அவ்வுவமைக்கு உடன்படுவதன்று. அம்மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. கொல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் இட்ட பெயர் அது. கல்லோ சென்னைப் பக்கத்தது. பெயர் மட்டும் வெள்ளையனுடையது! ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருவான பாறை இன்று முகில் தொடும் மலையாய் நிற்கிறது.

இப்பாறை நிலத்தைத் தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் கருங்கோடுகள் பல ஊடறுத்துச் செல்கின்றன. வணிகர் கறுப்புக் கிரானைட் என்பர்; உண்மையில் அது டோலரைட். பாறைக்குழம்பு பிளவுகளின் வழியே ஏறி உறைந்த சுவர்கள் அவை. மேலே எரிமலைகள் இருந்திருப்பின், மழையும் காற்றும் அவற்றை அரித்துவிட்டன. எஞ்சியது தொண்டை மட்டுமே. திருவண்ணாமலைப் பக்கத்துச் சுவர்கள் ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள் பழையன. கொலம்பியா என்னும் பெருங்கண்டம் நிலவிய காலத்தன.

கண்டங்கள் கூடுவதும் பிரிவதும் பல கோடி ஆண்டுகள் நீளும் சுழற்சி. கூடுங்கால் இடைக்கடலின் தரை மடிந்து புவிக்கவசத்துள் அமிழ்கிறது. குளிர்ந்த அப்பலகைகள் 2,900 கி.மீ. ஆழம்வரை இறங்க, அடியிலுள்ள வெம்பொருள் ஒதுக்குண்டு வேறிடத்தில் மேலெழுகிறது. புவிக்கவசம் குழம்பன்று; திண்மமாய் இருந்தே ஆண்டுக்குச் சில செ.மீ. ஊர்வது. பெருங்கண்டமோ போர்வைபோல் வெப்பத்தை அடக்குகிறது. இறுதியில் நிலம் பிளக்க, நெருப்பு வெளிப்படுகிறது. எரிமலையும் கண்டப் பிரிவும் இவ்வாறு ஒரே ஆழத்து இயக்கத்தின் இரு முகங்கள் என்பதே அறிஞர் பலரின் துணிபு.

குமரிக்கண்டம் பாடும் அவைகளுக்கு இது கசக்கலாம். லெமூரியா என்பது 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் விலங்குப் பரவலை விளக்கக் கருதிய நிலம். கண்டப் பெயர்ச்சி நிறுவப்பட்டபின் அறிவியல் அதனைக் கைவிட்டது. எனினும் கவிஞர்க்கு இழப்பொன்றுமில்லை. மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் ஒட்டிக் கிடந்தது மெய். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைப் பெருக்கோடு அவை பிரிந்ததும் மெய். நிலம் மூழ்கவில்லை, விலகிற்று. கல்லின் வயதை மொழிக்கு ஏற்றிப் பெருமை கொள்வதினும், முதற்பொருளாம் நிலத்தை உள்ளவாறு அறிந்து பாடுதல் தொல்காப்பிய நெறிக்கு அணுக்கமானது.

இவ்வுரை நிகழும் ஆண்டிலும் இந்தியத் தட்டோடு கல்வராயன் வடகிழக்கு நோக்கி ஏறத்தாழ 5 செ.மீ. நகர்ந்திருக்கும்.