குகை இருளில் கிளைத்த நத்தைகள்

மும்பையில் வாழும் நாம், குகை என்றதும் கன்ஹேரியையும் எலிபெண்டாவையும் நினைக்கிறோம். அவை எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையில் மனிதர் உளிகொண்டு குடைந்தவை. இன்று நாம் காணப்போகும் குகைகளை அமைத்தது மழை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவுடன் கலந்து மென்மையான அமிலமாகிறது; சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நெடுங்காலம் நடைபெறும் இவ்வேலையின் பயனாக மலையின் வயிற்றில் நீண்ட சுரங்கங்கள் உண்டாகின்றன.

அங்கே என்றும் இருள். ஆகவே பசுந்தாவரம் இல்லை. நீர் அடித்துவரும் சருகும், வௌவால்களின் எச்சமும், அவற்றின்மீது படரும் பூஞ்சையுமே உணவு. இவ்வளவு வறிய இடத்திலும் உயிர்கள் இருக்கின்றனவா? நம் நாட்டில் இவ்வினாவுக்கு விடை காணச் சென்றவர்கள், இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப்பும் சோப்ராவும் ஆவர். 1922-இல் அவர்கள் மேகாலயத்தின் காரோ மலையிலுள்ள சிஜு குகையை ஆராய்ந்தனர். நத்தை, சிலந்தி, பூச்சி என ஏறத்தாழ நூறு வகை உயிர்கள் அங்கே காணப்பட்டன.

அதே மேகாலயத்தில், சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மவ்ஸ்மாய் குகையிலிருந்து 2022-இல் ஒரு புதிய நத்தை இனம் அறிவிக்கப்பட்டது. பெங்களூர் ஏட்ரீ நிறுவனத்தின் நிபு குமார் தாஸும் அரவிந்தும் அதனை விவரித்து, ஜியோரிஸ்ஸா மவ்ஸ்மாயென்சிஸ் எனப் பெயரிட்டனர். அதன் அளவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, கடுகளவே எனலாம். 1851-இல் பென்சன் விவரித்த இந்திய உறவினத்தினின்று இது ஓட்டின் அளவாலும், ஓட்டின்மேல் ஓடும் சுழல்வரிகளாலும் வேறுபடுகிறது.

இத்தகைய சிற்றுயிர்கள் பல இனங்களாகப் பிரிவது எவ்வாறு? கடுகளவு நத்தைக்கு அடுத்த மலை எட்டாத தொலைவு. அதற்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். உடல் உலராதிருக்க ஈரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுண்ணாம்புக் குன்றும் கடல் நடுவே நிற்கும் தீவு போன்றதாகிறது. பிரிந்த கூட்டங்கள் தமக்குள்ளேயே பெருகுகின்றன. தலைமுறைதோறும் தோன்றும் சிறு மாறுதல்கள் ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறாகச் சேர்கின்றன. முழு இருளில் கண்ணாலும் நிறத்தாலும் பயனில்லை. அவை குறைபட்டுப் பிறந்த உயிர் அதனால் நலிவதில்லை. எனவே நாளடைவில் அவை மங்கி மறைகின்றன. ஐரோப்பிய மலைக்குகைகளில் வாழும் ஸோஸ்பியம் என்னும் நத்தைகள் கண்ணற்றவை, நிறமற்றவை. 2013-இல் விவரிக்கப்பட்ட அவற்றுள் ஓரினம், குரோஷியக் குகையொன்றில் சுமார் 980 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது.

மலைகள் பிரித்தால்தான் இனம் பிரியும் என்பதும் இல்லை. போர்னியோ தீவின் சபாவில், ஜியோரிஸ்ஸா சவுலே என்னும் நத்தை பாறையின் வெளிப்புறத்தில் வாழ்கிறது. அதனின்று கிளைத்த வெளிறிய இனம் குகைக்குள் வாழ்கிறது. அறிஞர்கள் அதற்கு 'சவுலேயின் மகள்' என்று பொருள்படும் பெயரையே இட்டனர். தாய் வெயிலோரத்தில், மகள் இருளில். இடையே குகைவாயில் ஒன்றே.

இதிலிருந்து நாம் உணரவேண்டியது ஒன்றுண்டு. காட்டில் திரியும் விலங்கு ஒரு வனம் அழிந்தால் மற்றொரு வனத்தை நாடலாம். ஒரே குகையில் வாழும் நத்தைக்குப் போக்கிடம் இல்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் குன்று ஒன்றை வெட்டி எடுத்துவிட்டால், அதற்கே உரிய இனமும் உடன் முடிகிறது. காண வருவோருக்காகக் குகையில் ஓயாது எரியும் மின்விளக்குகூடப் பாறையில் பாசியை வளர்த்து, உள்ளிருக்கும் வாழ்வைக் குலைக்கிறது.

வீடு கட்டச் சிமெண்டு நமக்கு வேண்டும். அதனை மறுப்பார் இல்லை. ஆயினும் ஒரு குன்றில் வெடி வைக்குமுன், அதனுள்ளே என்ன வாழ்கிறது என்று விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு சென்று பார்க்கச் செய்வது நம் கடமையாகும். வெட்டியபின் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இராது.